கடைசி அத்தியாயம் வண்டியில

வீரமலை: நிறுத்து, நிறுத்து... கரண்ட் போயிருச்சா?

அனுசுயா: போயிருச்சு.

வீரமலை: ஐயய்யோ! அப்ப மோட்டாரு?

அனுசுயா: நின்னு போச்சு. சத்தமே இல்ல.

வீரமலை: இந்த நேரம் பாத்தா போகணும்! ஏன் அனு, அந்தச் சத்தத்தை வச்சுத்தானே அந்தம்மா மலையை விட்டு எறங்கிக்கிட்டு இருந்துச்சு?

அனுசுயா: ஏங்க, மெதுவா. நம்ம வீட்டுலதான் கரண்ட் போயிருச்சுன்னு தெருவே எட்டிப் பாக்கப் போகுது. ஃபேன் உங்க தலைக்கு மேலதான் சுத்துது. போனது புக்குல.

வீரமலை: புக்குல போனா என்ன, வீட்டுல போனா என்ன... மேல படி.

அனுசுயா: “மோட்டார் நின்றதும் மலை மொத்தமும் என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவரை எங்கோ கீழே ஒரு தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, மோட்டாரைப் போட்டுவிட்டுப் போன ஒரு மனுஷன் இருந்தான். இப்போது ஒருத்தரும் இல்லை. எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று...”

வீரமலை: ம்...

அனுசுயா: என்ன ம்?

வீரமலை: ஒண்ணுமில்ல. படி.

அனுசுயா: கண்ணுல என்னங்க?

வீரமலை: ஃபேன் காத்து. படின்னா படி!

அனுசுயா: மாட்டேன். இந்த எடத்துல நிறுத்தப் போறேன்.

வீரமலை: அனு, இது அநியாயம். ஒரு பொம்பள, தொடை எலும்பு ஒடஞ்சு, குடையைக் காலோட வச்சு முந்தானையைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு, கொட்டற மழையில நடுக்காட்டுல உக்காந்திருக்கு. அதை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போறேங்கற?

அனுசுயா: நான் எங்க போறேன்? நீங்கதான் எந்திரிக்கணும்.

வீரமலை: ஆரம்பிச்சிட்டியா.

அனுசுயா: ஒரு அத்தியாயத்துக்கு ஒரு நடை. மொத நாளே பேசுனதுதானே? ஹால் வரைக்கும் வந்தீங்க, சமையக்கட்டு வரைக்கும் வந்தீங்க. இன்னைக்கு வாசப்படி.

வீரமலை: வாசப்படியா? விளையாடுறியா? அங்க ஒரு எறக்கம் இருக்கு.

அனுசுயா: படியில எறங்க வேணாம். நிலைக்கிட்ட நாற்காலி போட்டுட்டேன். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. வந்து உக்காந்தா மோட்டாரு திரும்ப ஓடுதா இல்லையான்னு தெரியும்.

வீரமலை: ஓடுதான்னு மட்டும் சொல்லிரு.

அனுசுயா: ம்ஹூம்.

வீரமலை: நீ மெடிக்கல் ஷாப்புல மருந்து எடுத்துக் குடுக்கறியா, இல்ல போலீஸ் ஸ்டேஷன்ல வேலை பாக்கறியா?

அனுசுயா: புத்தூர்ல நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆஸ்பத்திரிக்கு எதுத்த மெடிக்கல்லதான் வேலை பாக்கறேன். அந்த டாக்டரு மாத்திரை வாங்க வர்றப்பல்லாம் கேக்கறாரு. எலும்பு சேந்து எவ்வளவு நாளாச்சு, உங்க வீட்டுக்காரர் இன்னும் வாக்கரையா பிடிச்சுக்கிட்டு இருக்காருன்னு. எனக்குத்தான் முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

வீரமலை: அவருக்கென்ன, கம்பியை வச்சுத் தச்சுட்டுப் போயிட்டாரு. காலு என்னுது.

அனுசுயா: அந்தம்மாவுக்கும் அதே தொடை எலும்புதான். கம்பி கூட இல்ல. குடை.

வீரமலை: ...வாக்கரை இப்படித் தள்ளு.

அனுசுயா: அப்படி வாங்க வழிக்கு!

வீரமலை: அம்மா... ஆ... மெதுவா, மெதுவா... பிடிக்காத, நானே வர்றேன்... இந்தக் கதவை யாரு இவ்வளவு தூரத்துல வச்சது?

அனுசுயா: வீட்டுக்காரரு. வாடகைக்கு விடும்போதே அங்கதான் இருந்துச்சு.

வீரமலை: கிண்டல் வேற. ...அனு, ஒண்ணு கேக்கறேன். இது நெசமாவே நடந்ததுதானா? கதை கட்டி எழுதலயே?

அனுசுயா: அட்டையில போட்டோவே போட்டிருக்கே. பொன்னுத்தாய், கிராமத்து நர்சு. அந்த ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க பாருங்க. தடுப்பூசி போடறதுக்காக பச்சைமலை மேல இருக்கற ஊருக்கெல்லாம் நடந்தே போனவங்க. இந்தப் புக்கைக் குடுத்த, எங்கூட வேலை பாக்கற தஸ்லிமாவோட பெரியம்மாவுக்கு இவங்களை நல்லாத் தெரியுமாம். இப்பவும் சொகமா இருக்காங்களாம்.

வீரமலை: சொகமா இருக்காங்கதான். புக்கு எழுதியிருக்காங்கன்னா பொழைச்சிட்டாங்கன்னுதானே அர்த்தம். அது தெரிஞ்சும் மனசு அடிச்சுக்குது பாரு.

அனுசுயா: எனக்கும்தான். கவுண்டர்ல உக்காந்து படிச்சிட்டு ஒருத்தருக்கு இருமல் மருந்துக்குப் பதிலா தலைவலித் தைலம் குடுத்துட்டேன்.

வீரமலை: அந்தப் பெட்டியில இருந்த ஐஸு உருகின தண்ணியைக் குடிச்சுத்தானே கெடந்துச்சு. ஆனா மருந்துக்குப் பக்கத்துல இருந்த ஒரு ஐஸ் பாக்கெட்டை மட்டும் ஒடைக்கல. ஏன்? குழந்தைங்க மருந்து கெட்டுப் போயிருமாம். சாகக் கெடக்கறவ பாக்கற வேலையா அது?

அனுசுயா: தூக்கம் வராம இருக்க ஊசி போட்ட குழந்தைங்க பேரையெல்லாம் வரிசையாச் சொன்னாங்களே...

வீரமலை: அதைச் சொல்லாத. அதைச் சொல்லாத. இந்தா, வந்துட்டேன். நாற்காலியைப் பிடி. ஸ்ஸ்... உக்காந்துட்டேன். இப்ப படி!

அனுசுயா: மூச்சு வாங்கிக்கங்க.

வீரமலை: மூச்சை நான் பாத்துக்கறேன். மோட்டாரைப் போடு!

அனுசுயா: “விடியும் நேரத்தில் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அழவில்லை. அழுதால் அந்தச் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.”

வீரமலை: அடடா... அடடடா! ஓடிருச்சு!

அனுசுயா: “முன்போலவே முதுகைக் காட்டிக்கொண்டு, ரெண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்தேன். போக வேண்டிய தூரத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். வந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்...”

வீரமலை: இதான் அனு! இதான் இந்தம்மா! எல்லாரும் முன்னாடி பாத்து நட, முன்னாடி பாத்து நடன்னு சொல்றாங்க. இவ திரும்பி உக்காந்துக்கிட்டா பாரு!

அனுசுயா: படிக்க விடுங்க. “மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பயந்து பின்னால் நகர்ந்தார். சேறு பூசின ஒரு உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு தன்னைத் தேடி வருவதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்! காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லையாம். ‘ஐயா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நெழல்ல வைங்க’ என்றேனாம். எனக்கு அது நினைவில்லை.”

வீரமலை: மருந்து அதுக்குள்ள கெட்டுப் போயிருக்கும்ல?

அனுசுயா: கெட்டுத்தான் போயிருக்கும். மெடிக்கல்ல இருக்கறவ சொல்றேன். அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

வீரமலை: தெரிஞ்சும்... நெழல்ல வைங்கன்னு...

அனுசுயா: இந்தாங்க, துண்டு. இப்ப ஃபேன் கூட இல்ல.

வீரமலை: நீ மட்டும் என்னவாம்? மூக்கை உறிஞ்சற?

அனுசுயா: சரி, ரெண்டு பேரும் அழுதாச்சு. இன்னும் ஒரு அத்தியாயந்தான் பாக்கி.

வீரமலை: இன்னுமா இருக்கு? ஆளைத்தான் பாத்தாச்சே, தூக்கிட்டுப் போயிருப்பாங்க.

அனுசுயா: அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு. அதை இங்க படிக்க மாட்டேன்.

வீரமலை: வேற எங்க படிப்ப? அம்மா மண்டபத்துப் படித்துறையிலயா?

அனுசுயா: வண்டியில.

வீரமலை: எந்த வண்டியில?

அனுசுயா: இந்தா எதுக்க நிக்குதே உங்க லோடு வண்டி, குட்டியானை, அதுல. நீங்க டிரைவர் சீட்டுல, நான் பக்கத்துல.

வீரமலை: அனு...

அனுசுயா: ஓட்ட வேணாம். உக்காந்தா போதும்.

வீரமலை: அஞ்சு மணிக்கு வாழை மண்டிக் கனி பாய் வர்றாரு. அது தெரியும்ல?

அனுசுயா: தெரியும். வண்டியைப் பாத்துட்டு விலைக்கு எடுத்துட்டுப் போக வர்றாரு. அதனாலதான் சொல்றேன், அஞ்சுக்குள்ள படிச்சு முடிச்சிருவோம்.

வீரமலை: இதுக்குத்தான் இந்தப் புக்கைத் தூக்கிட்டு வந்தியா? பொன்னுத்தாயம்மா எறங்குனாங்க, நீயும் எறங்குன்னு?

அனுசுயா: ஆமா. அதுக்குத்தான். ஒளிச்சா வச்சேன்?

வீரமலை: அந்தம்மா வேற, நான் வேற. அவங்க நகரலைன்னா செத்துருவாங்க. அதனால நகர்ந்தாங்க. நான் நகரலைன்னா என்ன ஆகும்? நீ காப்பி போட்டுக் குடுப்ப. டிவி ஓடும். சொகமா கட்டில்ல கெடக்கறவன் எந்திரிக்கறதுதான் அனு கஷ்டம். இதுக்கு யாரும் புக்கு எழுத மாட்டாங்க.

அனுசுயா: சரி, அதை வண்டியில உக்காந்து சொல்லுங்க.

வீரமலை: உனக்குப் புரியல.

அனுசுயா: எனக்கு எதுவும் நீங்க சொன்னதே இல்லையே. மாடு குறுக்க வந்துச்சு, வண்டி வாய்க்கால்ல எறங்கிருச்சு, அவ்வளவுதான். போலீஸ்காரருக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னீங்க.

வீரமலை: அவ்வளவுதான் நடந்துச்சு.

அனுசுயா: அந்தம்மா ஒரு ராத்திரியை எவ்வளவு பக்கம் எழுதியிருக்காங்க!

வீரமலை: ...முசிறியில வாழைத்தார் ஏத்திக்கிட்டுக் கெளம்பறப்ப நல்ல இருட்டு. குணசீலம் தாண்டி வளைவுல மாடு. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். வண்டி தலைகீழா இல்ல, இப்படிச் சாஞ்சாப்ல... வாழைத்தார் எல்லாம் சரிஞ்சு வந்து பின்னாடி கண்ணாடியை ஒடச்சு என் மேல. காலு உள்ள மாட்டிக்கிச்சு. ஹாரன் அமுங்கிக்கிட்டு அலறுது. நிக்கவே இல்ல. காது கிழியுது. ஆனா அனு, அது அலற அலற எனக்குத் தைரியமா இருந்துச்சு. யாராச்சும் கேப்பாங்க, வருவாங்கன்னு...

அனுசுயா: சொல்லுங்க.

வீரமலை: அப்புறம் மெல்ல மெல்லக் கம்மியாயி... ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம்... நின்னு போச்சு.

அனுசுயா: ஐயோ.

வீரமலை: வண்டி கவுந்தப்பகூட நான் பயப்படல. அது நின்னதுக்கப்புறந்தான்... இந்தம்மா எழுதியிருக்கே, மலை காதுக்குள்ள வந்து உக்காந்துச்சுன்னு. எனக்கு வாய்க்கால் வந்து உக்காந்துச்சு. பால்காரன் டார்ச் அடிக்கற வரைக்கும் அங்கேயேதான். இப்பவும் எந்திரிக்கல. வண்டியில ஏறி உக்காந்தா மறுபடி கேக்கும்னு...

அனுசுயா: இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?

வீரமலை: எப்படிச் சொல்றது? ஹாரன் நின்னதுக்கு ஒருத்தன் பயந்தான்னா சிரிக்க மாட்டாங்களா? அந்தம்மா மோட்டாரு நின்னதை எழுதினப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது, இது சிரிக்கற விஷயம் இல்லன்னு.

அனுசுயா: நான் சிரிக்கல.

வீரமலை: தெரியுது. துண்டைக் குடு, நீ வச்சுக்கிட்டா நான் எதுல தொடைக்கறது?

கனி: அஸ்ஸலாமு... அட, வாசல்லயே உக்காந்திருக்கீங்களா! வீரமலை, எப்படி இருக்கீங்க? என்ன தங்கச்சி, ரெண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு இருக்கீங்க, யாருக்கு என்ன?

அனுசுயா: யாருக்கும் ஒண்ணும் இல்லைண்ணே. புக்கு படிச்சோம்.

கனி: புக்கு படிச்சா அழுதீங்க? நான் பயந்தே போயிட்டேன்.

வீரமலை: வாங்க பாய். மண்டியெல்லாம் எப்படி ஓடுது?

கனி: காந்தி மார்க்கெட்டுல நிக்க எடம் இல்ல. பூவன் பழத்துக்கு ஏக கிராக்கி. ஏத்திட்டு வரத்தான் வண்டி இல்ல. அதனாலதான் உங்க வண்டியை என் மருமகனுக்குக் கேட்டேன். உங்க மனசுக்குச் சங்கடம் இல்லையே?

வீரமலை: என்ன சங்கடம்... நிக்கற வண்டி. ஓடட்டும்.

கனி: சாவி?

அனுசுயா: ...ஜன்னல்ல இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.

கனி: பெயிண்ட் எல்லாம் புதுசா அடிச்சு வச்சிருக்கீங்க. பாட்டரி?

அனுசுயா: போன வாரந்தான் சார்ஜ் போட்டு வச்சேன்.

வீரமலை: எப்ப போட்ட? எனக்குத் தெரியாதே.

அனுசுயா: எல்லாத்தையும் சொல்லிக்கிட்டேவா இருப்பாங்க? இந்தாங்கண்ணே, சாவி.

கனி: ஸ்டார்ட் பண்ணிப் பாத்துர்றேன்.

வீரமலை: பாருங்க, பாருங்க. ...அனு, உள்ள போலாம். வாக்கரைக் குடு.

அனுசுயா: இருங்க. சத்தத்தையாவது ஒரு தடவை கேப்போம்.

கனி: என்னப்பா, இழுக்குது, பிடிக்க மாட்டேங்குது!

வீரமலை: சாவியைப் பாதி திருப்பிட்டுக் கொஞ்சம் பொறுக்கணும் பாய்! எடுத்த எடுப்புல திருப்பக்கூடாது!

கனி: என்ன சொல்றீங்க? கேக்கல!

அனுசுயா: மறுபடி அதே மாதிரி திருப்பறாரு.

வீரமலை: அடப் பாவமே... பாட்டரி படுத்துரும். பாய்! ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க! காலை எடுங்க!

கனி: ஒண்ணும் கேக்கலைப்பா! இருங்க, இன்னொரு தடவை...

அனுசுயா: ஏங்க, சத்தம் கம்மியாயிட்டே வருது...

வீரமலை: கம்மியாகுது... அணையப் போகுது அனு... பாய்! நிறுத்துங்க! விடுங்க அதை! எறங்குங்க கீழ! என் வண்டியை நான் பாத்துக்கறேன், எறங்குங்க!

அனுசுயா: ஏங்க, பாத்து! வாசப்படி இருக்கு!

வீரமலை: தள்ளு! எறங்குங்க பாய்... நகருங்க. இது கழுத்தைப் பிடிச்சுத் திருகற வண்டி இல்ல. குழந்தை மாதிரி எழுப்பணும். இந்தா... பாதி... பொறு... பொறுடா செல்லம்... இப்ப!

கனி: அட! பிடிச்சிருச்சே! ஒரே திருப்புல!

வீரமலை: ஹா! பாத்தீங்களா! எத்தனை மாசம் நின்னுச்சு! பாத்தியா அனு, கேட்டியா!

அனுசுயா: கேட்டேங்க... கேட்டேன்.

கனி: மாஷா அல்லாஹ். வண்டி கெடக்கட்டும் வீரமலை. நீங்க எப்படி இங்க வந்தீங்க?

வீரமலை: எப்படின்னா?

கனி: வாக்கரு அங்க நிலைக்கிட்ட நிக்குது. நீங்க இங்க உக்காந்திருக்கீங்க.

வீரமலை: ...பதட்டத்துல வந்துட்டேன்போல.

கனி: தங்கச்சி போன்ல என்ன சொன்னாங்க, கக்கூசுக்குக்கூடப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறாருன்னு சொன்னாங்க. நீங்க தெருவைத் தாண்டி, என்னைய வேற தள்ளிவிட்டு ஏறுறீங்க!

வீரமலை: பாய், தள்ளிவிட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. இன்னொண்ணுக்கும் மன்னிச்சுக்கங்க.

கனி: எதுக்கு?

வீரமலை: வண்டி குடுக்கறதுக்கில்ல.

கனி: அதை நீங்க சொல்லணுமா? எறங்குங்க கீழன்னு கத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மருமகனுக்கு வேற பாத்துக்கறேன். நீங்க நல்லா ஓட ஆரம்பிச்சதும் மொத லோடு என் மண்டிக்குத்தான் வரணும், ஆமா.

வீரமலை: கண்டிப்பா.

கனி: இன்ஷா அல்லாஹ். அந்தப் புக்கை எனக்கும் குடுங்க தங்கச்சி. என் வீட்டுக்காரிக்கு முட்டிவலின்னு மாடி ஏற மாட்டேங்கறா. வரட்டா?

அனுசுயா: போயிட்டு வாங்கண்ணே. டீ கூடக் குடிக்கல.

கனி: மொத லோடு வர்றப்ப குடிக்கறேன்!

வீரமலை: ...போயிட்டாரா?

அனுசுயா: முக்குத் திரும்பிட்டாரு.

வீரமலை: ஏறு. அந்தப் பக்கம் ஏறு. என்ன பாத்துக்கிட்டே நிக்கற?

அனுசுயா: ஒண்ணுமில்லைங்க... இந்த சீட்டுல உங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

வீரமலை: இரு, கண்ணாடியைத் திருப்பிக்கறேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சாச்சு.

அனுசுயா: அந்தச் சத்தம் கேக்குதா? ஹாரனு?

வீரமலை: கேக்குது. என்ஜின் சத்தமும் கேக்குது. ரெண்டும் கேக்குது.

அனுசுயா: படிக்கட்டா?

வீரமலை: படி. என்ஜினை அணைக்க மாட்டேன், சத்தமாப் படி.

அனுசுயா: “மறு வருஷம் மலை மேல் மறுபடி முகாம். வேறு ஆளை அனுப்புவதாக டாக்டரம்மா சொன்னார்கள். நானே போகிறேன் என்றேன். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். நான் விழுந்த பள்ளம் வந்தது. கால் அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. சரி என்று அங்கேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன்...”

வீரமலை: எலுமிச்சஞ்சாதம்.

அனுசுயா: என்ன சாதம்னு நான் இன்னும் படிக்கலையே. அது அடுத்த பக்கத்துல இருக்கு.

வீரமலை: ஒரு... ஒரு யூகந்தான். மலைக்குப் போறவங்க வேற என்ன கட்டிட்டுப் போவாங்க?

அனுசுயா: தயிர்சாதம் கட்டுவாங்க. புளிசாதம் கட்டுவாங்க.

வீரமலை: அனு...

அனுசுயா: அதுக்கு அடுத்த வரி என்ன? அதையும் யூகமாச் சொல்லுங்க பாப்போம்.

வீரமலை: ...“பயம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கும் ஒரு உருண்டை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.”

அனுசுயா: ஒரு எழுத்து மாறல.

வீரமலை: நேத்து அதை நாலஞ்சு தடவை படிச்சேன். அதான் மனப்பாடமாயிருச்சு.

அனுசுயா: அப்ப இத்தனை நாளும் நான் படிச்சப்ப ஐயய்யோன்னது, அடடான்னது எல்லாம்?

வீரமலை: அது நடிப்பு இல்ல! சத்தியமா இல்ல. தனியாப் படிச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு, நீ படிச்சுக் கேட்டப்ப வேற மாதிரி இருந்துச்சு. மோட்டாரு ரெண்டாந்தடவையும் அப்பத்தான் நின்ன மாதிரி இருந்துச்சு.

அனுசுயா: சரி. புக்கு உங்ககிட்ட எப்படி வந்துச்சு? நான் வேலைக்குப் போறப்ப உங்களைக் கட்டில்ல படுக்க வச்சிட்டுத்தானே போவேன்?

வீரமலை: ...எந்திரிச்சுப் போய் எடுத்தேன்.

அனுசுயா: வாக்கரோடவா?

வீரமலை: ஆரம்பத்துல வாக்கரோட. அப்புறம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம்... சும்மாதான். கோவிக்காத அனு. அந்தம்மா பள்ளத்துல விழுந்த எடத்துல நீ நிறுத்திட்டு வேலைக்குப் போயிட்ட. எனக்கு இருப்புக் கொள்ளல. எடுத்துப் படிச்சேன். படிச்சிட்டு அதே எடத்துல வச்சிட்டு வந்து படுத்துக்கிட்டேன்.

அனுசுயா: எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. இப்ப வாசலுக்கு வர்றதுக்குள்ள எத்தனை அம்மா, எத்தனை ஸ்ஸ்...

வீரமலை: நடக்கறேன்னு சொன்னா அடுத்து வண்டியை எடுன்னு சொல்லுவ. காலு பயம் போயிருச்சு. இந்த சீட்டுதான் பயம். அதுவரைக்கும் நொண்டியாவே இருந்துக்கலாம்னு பாத்தேன். கனி பாய் எடுத்துட்டுப் போயிட்டாருன்னா, அன்னைக்கே எந்திரிச்சு நடந்துரலாம்னு ஒரு கணக்கு. நேத்து இந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சதுல அந்தக் கணக்கு ஆட்டங் கண்டுருச்சு.

அனுசுயா: ம்.

வீரமலை: கோவமா?

அனுசுயா: இல்ல.

வீரமலை: அப்புறம் ஏன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட? சிரிக்கிறியா, அழறியா? உன்னைய ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ஏன் அந்தப் புக்கை ஒரு எடத்துல வைக்க மாட்டேங்கற? மொதல்ல டிவி மேல இருந்துச்சு. அப்புறம் சமையக்கட்டுல அரிசி டின்னு மேல. அப்புறம் கொல்லையில தொவைக்கிற கல்லுக்கிட்ட. நேத்து என்னடான்னா மொட்டை மாடியில, துணி காயப்போடற கொடிக்குக் கீழ! அடுத்தவங்க புக்கு, மழை வந்தா என்ன ஆகறது? இவளுக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சுன்னு கவலையே பட்டேன்.

அனுசுயா: மறந்தது டிவி மேல வச்ச அன்னைக்கு மட்டுந்தாங்க. சாயந்தரம் வந்து பாத்தா நான் மடிச்சு வச்ச பக்கம் மாறியிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு எடமும் நான் யோசிச்சு வச்சது. கேட்டிருந்தா மறுபடி படுத்துருவீங்கன்னு வாயைத் திறக்கல... நேத்து மட்டும் நான் வேலைக்குப் போகலைங்க. எதிர்வீட்டு ஆலியா வீட்டு ஜன்னல்ல நின்னுக்கிட்டு, நீங்க ஒவ்வொரு படியா ஏறி, அழுதுக்கிட்டே படிச்சு முடிச்சிட்டு எறங்கற வரைக்கும் அவ கையைப் போட்டுப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.